ஒரு வக்கீலின் தீர்க்காயுள்

நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்த ஒருவரைப் பற்றி எழுத நேர்கையில், யுத்தத்திலே பணிபுரிந்தவர், கீர்த்தி வாய்ந்த வக்கீல், மனைவி மக்களிடம் மாறாத வாஞ்சை கொண்டவர் என்று மூன்று விசேஷணங்களை அடுக்கிவிட்டு, ஒரு ஜீவியத்தின் பெறுமானத்தை அளந்தாயிற்று என்று திருப்தியடைவது நம்முடைய வழக்கம். 103 பிராயம் நிரம்பி, 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் காலமான பெஞ்சமின் ஃபெரென்ஸுக்கு இம்மூன்றும் அக்ஷரம் பிசகாமல் பொருந்தும். ஆயினும் அவருடைய சரித்திரத்தை ஊன்றிப் படிப்பவர்களுக்கு இந்த விசேஷணங்களின் பேரிலேயே ஒரு சம்சயம் எழாமற் போகாது.

டிரான்சில்வேனியாவில் ஓர் ஏழை யூதக் குடும்பத்திலே பிறந்து, கைக்குழந்தையாக நியூயார்க் வந்து சேர்ந்து, ஹார்வர்டில் சட்டம் பயின்று 1943-இல் பட்டம் பெற்ற அவர், இரண்டாம் உலக யுத்தத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். யுத்தக் குற்றங்களைப் பற்றி அவர் முன்னரே ஆராய்ந்திருந்தமையால், படைமேலிடம் பிற்பாடு அவரைச் சாட்சியங்கள் திரட்டும் பணிக்கு மாற்றியது. புக்கன்வால்ட், மௌட்ஹௌசன் முதலிய வதைமுகாம்களுக்குள் அவர் பிரவேசித்தது அப்படித்தான். அங்கே கண்டவற்றை அவர் ஆயுள் முழுவதும் சுமந்தார் என்பதற்குமேல் அதை விவரிக்க எனக்கு மனம் துணியவில்லை.

யுத்தம் முடிந்து, 1946-இல் விவாகமும் ஆகி, மறுபடியும் ஜெர்மனி சென்றவரின் கையில், பெர்லினில் அவருடைய குழுவினர் கண்டெடுத்த சில கோப்புகள் வந்து சேர்ந்தன. சோவியத் எல்லைக்குள் ஜெர்மானியப் படைக்குப் பின்னே சென்ற நாஜிக் கொலைக்குழுக்கள், எந்த ஊரில், எந்த நாளில், எத்தனை பேரைக் கொன்றன என்பதைத் தங்கள் தலைமையகத்துக்கு ஒழுங்காக எழுதியனுப்பிய அறிக்கைகள் அவை. ஒரு சிறு கணக்கியந்திரத்தில் அந்த எண்களைக் கூட்டிக்கொண்டே வந்த அவர், தொகை பத்து லட்சத்தைத் தாண்டியதும் கூட்டுவதை நிறுத்திவிட்டார். இதற்கென ஒரு தனி வழக்கு வேண்டுமென்று தம் மேலதிகாரி டெல்ஃபோர்ட் டெய்லரிடம் அவர் மன்றாட, ஆள் போதவில்லை, நீரே நடத்தும் என்று உத்தரவாயிற்று. அப்பொழுது அவருக்கு 27 வயது. அதற்குமுன் ஒரு வழக்குக்கூட நடத்தியதில்லை. 1947 செப்டம்பரில் நூரம்பெர்க்கில் தொடங்கிய அவ்வழக்கில், குற்றவாளிகளின் சொந்த அறிக்கைகளையே ஆதாரமாக வைத்து, அரசுத் தரப்பு வாதத்தை இரண்டே நாட்களில் முடித்தார். தண்டனை இன்னதென்று மாத்திரம் அவர் கோரவில்லை: பத்து லட்சம் உயிர்களுக்கு இருபத்திரண்டு உயிர்கள் ஈடாகுமா என்பது அவருடைய கேள்வி. இருபத்திரண்டு பேரும் குற்றவாளிகளென்று தீர்ப்பாகி, பதினால்வருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் நால்வர் 1951-இல் தூக்கிலிடப்பட்டனர்.

என் சம்சயம் பிறப்பது இங்கேதான். கூண்டில் நின்றவர்கள் யார்? ஒருவர் முன்னாளில் பாதிரியார். ஒருவர் இசைநாடக மேடைப் பாடகர். பலர் சட்டம் கற்றவர்கள். அவர்களில் முதன்மையானவரான ஓட்டோ ஓலன்டார்ஃப் சட்டமும் பொருளாதாரமும் பயின்ற, ஐந்து குழந்தைகளின் தகப்பனார். தம் குழுவினர் 90,000 பேரைக் கொன்றதை ஒப்புக்கொண்ட அதே மனிதர், சிசுக்களைக் கொன்றதற்கு, அவை வளர்ந்தால் பகைவராகும் என்று சமாதானமும் சொன்னார். ஆக, போர்வீரர், சட்டநிபுணர், குடும்பஸ்தர் என்ற மூன்று விசேஷணங்களும் வழக்குத் தொடுத்தவருக்கும் பொருந்தின. தூக்குமேடை ஏறியவருக்கும் பொருந்தின. தன் மக்களிடம் காட்டும் வாஞ்சையை நாம் பெருங்குணமென்று கொண்டாடுகிறோம். எனக்கென்னவோ, அது இயற்கை தந்த முதல் மட்டுமே என்றும், அந்த வாஞ்சை வாசற்படிக்கு வெளியேயும் செல்லுமா என்பதே பரீட்சை என்றும் தோன்றுகிறது. தீர்ப்புக்குப் பின் ஃபெரென்ஸ் சிறைக்குச் சென்று, மனைவி மக்களுக்கு ஏதேனும் சொல்லியனுப்ப விரும்புகிறாரோ என்ற எண்ணத்துடன் ஓலன்டார்ஃபைச் சந்தித்தாராம். அமெரிக்க யூதர்கள் இதற்காக வருந்துவார்கள் என்ற சாபமே மறுமொழியாகக் கிடைத்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்த நூரம்பெர்க் நகரத்திலேயே ஃபெரென்ஸின் நான்கு குழந்தைகளும் பிறந்தார்கள் என்பது யோசிக்க யோசிக்க விந்தையாயிருக்கிறது. உயிர் பிழைத்தவர்களுக்கு நஷ்டஈடு பெற்றுத் தரும் வேலையில் பல ஆண்டுகள் ஜெர்மனியில் கழித்த பின்னரே தாயகம் திரும்பிய அவர், டெய்லருடன் கூட்டாக வக்கீல் தொழில் நடத்திச் சுகமாகவே வாழ்ந்திருக்கலாம். வியட்நாம் யுத்த காலத்திலே அத்தொழிலிலிருந்து விலகி, நிரந்தரமான ஒரு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வேண்டுமென்று எழுதியும் பேசியும் திரிவதையே தொழிலாக்கிக்கொண்டார். பைத்தியக்கார ஆசை என்று சொன்னவர்கள் உண்டு. 1998-இல் ரோமாபுரியில் உடன்படிக்கை உருவாகி, 2002-இல் நீதிமன்றம் ஹேக் நகரில் அமைந்தபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. 2011-இல், அந்நீதிமன்றத்தின் முதல் வழக்கிலே, காங்கோவில் சிறுவர்களைப் போர்ப்படையில் சேர்த்த லுபாங்காவுக்கு எதிரான இறுதி வாதத்தில் பங்கேற்று, 91 வயதில் நீதிபதிகளுக்கு முன் எழுந்து நின்று பேசினார். 73 ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவியை 2019-இல் இழந்த பின்னும் அவர் பேசுவதை நிறுத்தவில்லை.

நூரம்பெர்க்கின் கீர்த்திக்கு அவர் செலவிட்டது ஓராண்டுக்குச் சற்று மேல். ஹேக்கின் பொருட்டுச் செலவிட்டதோ பாதி ஆயுள். இரண்டாவதையே நான் பெரிதென்பேன். அவருடைய சொந்த தேசமான அமெரிக்கா அந்த ரோமாபுரி உடன்படிக்கையில் இன்றளவும் சேரவில்லை.