குதிரையின் கழுத்தில் ஓர் எண்

டில்லியை 1296 முதல் 1316 வரை ஆண்ட அலாவுதீன் கில்ஜி, படைக்குதிரைகளுக்குச் சூட்டுக்குறி இடும்படி கட்டளையிட்டான். படையைக் கணக்கெடுக்கும் நாளில் நல்ல குதிரையைக் காட்டுவதும், பின்னர் அதனை மாற்றி நோஞ்சானை நிறுத்துவதும் வீரர் சிலரின் வழக்கமாயிருந்தன. பொய் சொன்னவன் மனிதன். வெந்தது குதிரையின் தோல்.

இன்று இரும்பைக் காய்ச்ச வேண்டுவதில்லை. அரிசியளவான மைக்ரோசிப் ஒன்றை மிருக வைத்தியர் ஊசியினால் குதிரைக் கழுத்தின் இடப்புறத்துத் தசைநாரில் செலுத்துகிறார். அதற்கு பாட்டரி கிடையாது. கருவியை அருகிற் கொண்டுசென்றால் 15 இலக்க எண் தெரியும். இங்கிலாந்தில் 2020 அக்டோபர் முதல் எல்லாக் குதிரைகளுக்கும், கழுதைகளுக்குங்கூட, இது கட்டாயம்.

ஊசியின் நோவு சூட்டின் நோவுக்கு ஈடாகாது. ஆயினும் நான் மெச்சுவது அதனையன்று. கிழட்டுக் குதிரையைச் சாலையோரத்தில் அவிழ்த்துவிட்டு, "என்னுடையதன்று" என்று கைகழுவுவது முன்னர் எளிது. பதிவேடு ஒழுங்காயிருக்குமாயின் இப்போது அவ்வெண்ணே உடையவனைப் பிடித்துக் கொடுக்கும். சுல்தானின் சூடு கஜானாவைக் காத்தது. இவ்வெண் குதிரையையும் காக்கவல்லது.

நிற்க. மனிதனுக்கு எண்ணிடுதல் மானக்கேடு எனச் சீறுவோர் நம்மில் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவ்வெண் யாரைப் பொறுப்பாளியாக்குகிறது என்பதே கேள்வி. மலாயாவில் 1948-இல் அவசரகாலம் பிறந்தபோது 12 வயதுக்கு மேற்பட்டோர்க்கு அடையாள அட்டை வந்தது. 2001 முதல் மைகாட்டினுள்ளேயே சிப் இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் முன்னரே தோட்டத்துச் செக்ரோலில் நம்மவர்க்கு எண் இருந்தது. கிராணிமார் பெயரை மாதத்திற்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுவோம். எண்ணை மட்டும் பிழையின்றி எழுதுவோம், சம்பளக் கணக்கு அதிலிருப்பதால். அந்தப் பெயர்ப்பிழைகளே பின்னர்ப் பிரஜாவுரிமை கேட்டவர்களின் காலை இடறின.

கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்த மூதாட்டி ஒருவர், இன்னும் சிவப்பு அட்டையோடிருப்பவர், பிறப்புக்குச் சான்று கேட்டு என்னிடம் வந்தார். பழைய செக்ரோலைப் புரட்டினேன். அவர் தாயாரின் எண் இருந்தது. வெட்டிய பாலின் இராத்தல் கணக்கும் இருந்தது. ஒரு மாதத்தில் மட்டும் வேலைக்கு வராத நாட்களுக்கு அடையாளமாக வரிசையாய்க் கோடுகள். பிள்ளையைப் பற்றி ஓரெழுத்தும் இல்லை.

"எங்கம்மா வரலேன்னு மட்டுந்தான் எழுதியிருக்காங்களா, ஐயா?" என்றார்.

அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தேன். அதனைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறார்.