முருகனுக்குத்தானே தம்பி, காசு எதுக்கு?



இன்னைக்கு விரத முறையோ தல வரலாறோ எழுதப் போறதில்லை. நான் பண்ணின ஒரு தப்பை எழுதப் போறேன். நம்மில் பல பேர் தப்புன்னே தெரியாம இதைப் பண்றோம். அதனாலதான் பொதுவுல சொல்றேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, தைப்பூசத்துக்கு எங்க பாதயாத்திரைக் குழு பழனிக்குக் கிளம்பத் தயாராகிக்கிட்டு இருந்தது. டி-ஷர்ட்லயும் ஃபிளெக்ஸ்லயும் போட ஒரு முருகன் படம் தேவைப்பட்டது. குழுவுல ஒரு தம்பி அருமையா வரைவான். காலேஜ் முடிச்சிட்டு, டேப்ல படம் வரைஞ்சு கொடுத்து அதுலயே பிழைக்கணும்னு முயற்சி பண்ணிக்கிட்டு இருந்தவன். அவன்கிட்ட கேட்டேன். "வரைஞ்சு தர்றேண்ணா. மூவாயிரம் ஆகும்"னு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. "முருகனுக்குத்தானே தம்பி, இதுக்குப் போய் காசு எதுக்கு?"ன்னு கேட்டுட்டேன்.

அதுக்கு மேல அவன் ஒண்ணும் பேசலை. ஆறு ராத்திரி உக்காந்து வரைஞ்சு அனுப்பினான். மயில் தோகையில ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியா வரைஞ்சிருந்தான். அந்த வாரம் எல்லார் ஸ்டேட்டஸ்லயும் அந்த முருகன்தான். படத்தோட மூலையில சின்னதா அவன் பேர் இருந்தது. யாரோ அதை வெட்டிட்டு அனுப்பினாங்க. வெட்டின படம்தான் அதிகமா சுத்துச்சு. நானும் அதைத்தான் ஃபார்வர்ட் பண்ணினேன்.

யாத்திரை முடிஞ்சு கணக்கு நோட்டு எழுதினோம். பூ, மேளம், மைக் செட், வேன் வாடகை, சமையல் மாஸ்டர், டி-ஷர்ட் அச்சடிச்ச கடை, ஃபிளெக்ஸ் கடை, எல்லாத்துக்கும் எதிரே ஒரு தொகை இருந்தது. படத்துக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. அச்சடிச்சவருக்குக் காசு, வரைஞ்சவனுக்கு அரோகரா! அப்பவும் எனக்கு உறைக்கலை.

போன வருஷம் புதுப் படம் கேட்டு அவனுக்கு ஃபோன் பண்ணினப்பதான் உறைச்சது. "இப்ப வரையறதில்லைண்ணா. டெலிவரி வேலைக்குப் போறேன். டேப்பை வித்துட்டேன்"னான். குரல்ல கோபம் இல்லை. கோபமா சொல்லியிருந்தாகூடத் தேவலாம்னு இருந்தது. என் மூவாயிரம் வராததாலதான் அவன் வரையறதை விட்டான்னு சொல்ல முடியாது. ஆனா என்னை மாதிரி எத்தனை பேர் அவன்கிட்ட அதே வார்த்தையைச் சொல்லியிருப்பாங்க?

அன்னைக்கு ராத்திரி இந்தக் கேள்வி என்னை விடலை. சாமிக்காகச் செய்யுற கலைக்குக் காசு வாங்கலாமா? வாங்கினா பக்தி குறைஞ்சிடுமா?

நம்ம திருமுருகாற்றுப்படையில இருந்தே யோசிச்சுப் பார்த்தேன். பத்துப்பாட்டுல அஞ்சு நூல் ஆற்றுப்படை. ஆற்றுப்படைன்னா வழிகாட்டுறது. பரிசு வாங்கிட்டுத் திரும்பி வர்ற ஒரு கலைஞன், எதிரே வறுமையோட வர்ற இன்னொரு கலைஞனைப் பார்த்து, "இந்த வழியா போ, அந்த வள்ளல்கிட்ட போ, உன் வறுமை தீரும்"னு சொல்லி அனுப்புவான். பொருநராற்றுப்படை கரிகாலன்கிட்ட அனுப்புது. சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடன்கிட்ட அனுப்புது. மலைபடுகடாம் கூத்தர்களை நன்னன்கிட்ட அனுப்புது. பாணன், பொருநன், கூத்தன், எல்லாரும் கலையை நம்பிப் பிழைச்சவங்க. அவங்க பசியை எழுதத் தமிழ் வெட்கப்படவே இல்லை. நக்கீரர் முருகன்கிட்ட நம்மை அனுப்பும்போதும் இதே வடிவத்தைத்தான் எடுத்துக்கிட்டார். அவர் காட்டுறது வீடுபேறுக்கான வழி. ஆனா அந்த வழிக்கு அவர் எடுத்த அச்சு, பசிச்ச கலைஞனுக்குச் சோத்துக்கு வழி சொன்ன அச்சுதான்.

சரி, அது பழைய காலம். நம்ம பூஜையறையைப் பார்ப்போம். தாத்தா காலத்துக் காலண்டர் முருகன் படம் பல வீடுகள்ல இன்னும் கண்ணாடிச் சட்டத்துக்குள்ள இருக்கும். அந்தக் காலண்டர் சாமிப் படங்களுக்குப் பேர் போனவர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவர். திருவண்ணாமலை ரமணாசிரமத்துல கொஞ்ச காலம் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனிக்கு சீன் திரை வரையப் போனார். கம்பெனி கோவில்பட்டியில கலைஞ்சப்போ அங்கேயே தங்கி, சீடர்களோட சேர்ந்து வரைய ஆரம்பிச்சார். சிவகாசியில அச்சாகி அந்தப் படங்கள் வீடு வீடாப் போச்சு. கல்யாணம் பண்ணிக்காம, எளிமையா வாழ்ந்தவர். அவருக்கும் அவர் சீடர்களுக்கும் அதுதான் பிழைப்பு. கூலி வாங்கி வரைஞ்ச படத்துக்கு முன்னாடிதான் நம்ம பாட்டிங்க சூடம் காட்டி அழுதாங்க. முருகன் அந்தப் படத்துக்குள்ள வராம இருந்தானா என்ன?

திருவிழா மேடைக்கும் இதே கதைதான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதின வள்ளி திருமணம் இன்னைக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் விடிய விடிய நடக்குது. வேஷம் கட்டுறவங்க சம்பளம் பேசித்தான் வர்றாங்க. அந்தச் சம்பளத்துலதான் அவங்க வீட்டு அடுப்பு எரியுது. வேலன் வேஷத்துல வந்து நிக்கிறவரைப் பார்த்து ஊர் கன்னத்துல போட்டுக்குது. சம்பளம் வாங்கினார்னு யாரும் முகத்தைத் திருப்பிக்கிறதில்லை.

"எல்லாரும் காசு வாங்கினாங்களா? திருவையாறு தியாகராஜர் அரசவை அழைப்பையே வேண்டாம்னுட்டு உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தாரே"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. அன்னதானத்துல பந்தி பரிமாறுறவங்களும் கூலி கேக்குறதில்லைதான். ஆனா ஒண்ணைக் கவனிங்க. வேண்டாம்னு சொன்னது தியாகராஜர். அது அவர் எடுத்த முடிவு. கொடுக்க வேண்டியவங்க முந்திக்கிட்டு, "ராமனுக்குத்தானே, சும்மா பாடுங்க"ன்னு சொல்லியிருந்தா அது வேற கதை. விட்டுக்கொடுக்குற உரிமை செய்யறவனோடது. கேக்குறவனோடது இல்லை. பரிமாற வர்றவருக்கு வேற வேலை இருக்கு, ஒருநாள் லீவு போட்டுட்டு வர்றார். வரையற தம்பிக்கு வரையறதுதான் வேலை.

இதைவிட அடிப்படையா ஒண்ணு இருக்கு. பழனியில முடி இறக்குறோம். நம்ம முடியைத்தான் இறக்குறோம். பக்கத்துல நிக்கிறவன் தலையைக் காட்டி, "முருகா, இந்தா என் காணிக்கை"ன்னு சொல்ல முடியுமா? அந்தப் படத்துல நான் செஞ்சது அதுதான். அவனோட ஆறு ராத்திரியை எடுத்து, என் பக்தியா முருகன்கிட்ட வெச்சேன்.

கலைஞர்களுக்கும் ஒரு எல்லை இருக்கு, மறைக்கலை. "இந்தப் படத்தை மாட்டினா கடன் தீரும், மாட்டலைன்னா கஷ்டம் வரும்"னு பயமுறுத்தி விக்கிறது பாவம். படத்துக்கு விலை வெக்கலாம், அருளுக்கு வெக்க முடியாது. காசு கம்மின்னு கண்ணை அரைகுறையா வரைஞ்சு கொடுக்குறதும் தப்பு. உழைச்ச நேரத்துக்கு நேர்மையா ஒரு தொகை சொல்றதுல எந்தத் தப்பும் இல்லை. இதைப் படிக்கிறவங்கள்ல வரையறவங்க, பாடுறவங்க, வீடியோ எடிட் பண்றவங்க இருப்பீங்க. தொகையைச் சொல்லும்போது தலை குனியாதீங்க தம்பி, தங்கச்சிகளா.

இந்தத் தைப்பூசத்துக்கு முன்னாடி அவனுக்கு மறுபடி ஃபோன் பண்ணினேன். முதல்ல மன்னிப்புக் கேட்டேன். பழைய மூவாயிரத்தை அனுப்பிட்டு, புதுப் படத்துக்கு எவ்வளவுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "டேப் இல்லைண்ணா. பேப்பர்ல வரைஞ்சு தரட்டுமா?"ன்னு கேட்டான். தொகை சொன்னான். பேரம் பேசாம முன்பணமாவே கொடுத்தோம். கணக்கு நோட்டுல முதல் வரியா அதைத்தான் எழுதினோம்.

பணம் போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிஷம் என் ஜிபேக்கு நூத்தியோரு ரூபாய் வந்தது. கூடவே ஒரு மெசேஜ்: "அய்யன் உண்டியல்ல போட்டுடுங்கண்ணா."

நான் கொடுத்தது கூலி. அவன் கொடுத்ததுதான் காணிக்கை. கூலி கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் காணிக்கை கொடுக்க அவன்கிட்ட ஏதோ ஒண்ணு இருந்தது.

படத்தை அடுத்த பதிவுல போடுறேன். மூலையில அவன் பேர் இருக்கும். வெட்டாம ஷேர் பண்ணுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!