இடித்தவனும் தொட்டவனும்

அன்றிரவு ஒருவன் என்னை இடித்துக் கீழே தள்ளினான். இன்னொருவன் தொட்டான், அவ்வளவுதான். இடிபட்டு விழுந்ததில் இடது முழங்கை பத்து நாள் கன்றிப்போய்க் கிடந்தது. தொட்டதற்கு உடம்பில் ஒரு தடமும் இல்லை. ஆனால் இடித்தவன்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. தொட்டவனை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். பெரிய வலி மன்னிக்கப்பட்டு, வலியே இல்லாத ஒன்று மன்னிக்கப்படாமல் போவது என்ன நியாயம்? இந்தக் கேள்வியோடு சில மாதங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் கிருஷ்ணகிரிக்காரி. 2011இல் பெங்களூருவுக்கு வேலைக்கு வந்தேன். ஹெவி மெட்டல் இசைக்குப் பெயர்போன ஊர் இது. அரண்மனை மைதானத்தில் 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் வாசித்தார்கள், 2011 அக்டோபரில் மெட்டாலிகா வாசித்தார்கள். மெட்டாலிகா வந்தபோது நான் இங்கேதான் இருந்தேன். ஆனால் பெண்கள் விடுதியின் கதவு இரவு ஒன்பது மணிக்குச் சாத்தப்படும். அன்று போர்வைக்குள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு அவர்களுடைய பாடல்களைக் கேட்டபடி தூங்கிப்போனேன். நேரில் ஒரு கச்சேரிக்குப் போக எனக்கு முப்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

அது பெரிய மைதானம் அல்ல. நானூறு பேர் நிற்கக்கூடிய ஒரு கூடம், உள்ளூர்க் குழுக்கள் நான்கு. ஷில்லாங்கிலிருந்து வந்து என்னோடு வேலை பார்க்கும் தோழிதான் அழைத்துப்போனாள். அவள் ஊரில் மெட்டல் கேட்டு வளர்வது சாதாரணம். வாசலிலேயே பாடம் எடுத்தாள்: கம்மலைக் கழற்று, ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டு, காதில் அடைப்பான் வை. மேடைக்கு முன்னால் கூட்டம் விலகி ஒரு வட்டம் திறக்கும், அதற்கு மாஷ் பிட் என்று பெயர். உள்ளே போனால் இடிப்பார்கள், நீயும் இடிக்கலாம். முழங்கையை உயர்த்தாதே. வேண்டாம் என்று தோன்றினால் ஓரத்துக்கு வந்துவிடு, யாரும் இழுக்க மாட்டார்கள். யாராவது விழுந்தால் இரண்டு கைகளையும் தூக்கு, சுற்றியிருப்பவர்கள் நிறுத்துவார்கள்.

இரண்டாவது குழு வாசிக்கும்போது உள்ளே போனேன். டிரம் சத்தத்தைக் காதால் கேட்கவில்லை, விலா எலும்பால் கேட்டேன். முதல் இடி தோளில் விழுந்ததும் என்னை அறியாமல் "சாரி" என்றேன். இடிபட்டதற்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததென்று சொல்லத் தேவையில்லை. ஐந்தாவது இடிக்குள் அந்தப் பழக்கம் போய்விட்டது. பிறகு நானே இடித்தேன். முப்பத்தாறு வருடத்தில் ஓர் ஆணை என் முழு எடையோடு மோதியது அதுதான் முதல்முறை. அவன் சிரித்தான், நானும் சிரித்தேன்.

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் பெரியம்மாவுக்கு அருள் வரும். வருடம் முழுக்கத் தலைகுனிந்து நடந்தவர், கொண்டை அவிழ்ந்து விழ, தலையைச் சுழற்றி ஆடுவார். பெரியப்பா கைகட்டி நிற்பார். மறுநாள் காலை பெரியம்மா வழக்கம்போல வாசல் கூட்டிக்கொண்டிருப்பார். தலைவிரித்து ஆட அவருக்கு ஒரு தெய்வத்தின் அனுமதி வேண்டியிருந்தது, அதுவும் வருடத்தில் ஒருநாள். கட்டிய முடி அவிழ்ந்து முகத்தில் அடிக்க நான் ஆடியபோது பெரியம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பருமனான இளைஞன் மோதி நான் விழுந்தேன். விழுந்ததை நான் உணரும் முன்பே மூன்று நான்கு கைகள் தூக்கிவிட்டன. அதில் ஒன்று அவனுடையது. கட்டைவிரலை உயர்த்தி, சரியாக இருக்கிறாயா என்று சைகையில் கேட்டான். தலையாட்டியதும் போய்விட்டான்.

நான்காவது குழு வந்தபோது வட்டத்தை விட்டு விலகி, மேடைத் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். நல்ல நெரிசல். இடுப்புக்குக் கீழே ஒரு கை பட்டது. கூட்டம்தானே என்று நினைத்தேன். மறுபடியும் பட்டது, இந்த முறை நிதானமாக. திரும்பினால் மூன்று முகங்கள், மூன்றும் மேடையைப் பார்த்தபடி. கல்லூரிக் காலத்துப் பேருந்துப் பயணங்களின் பழக்கத்தில் என் விரல்கள் தோளில் ஊக்கைத் தேடின. டி-ஷர்ட்டில் ஏது ஊக்கு? கத்தினால் யாருக்கும் கேட்காது. நான் நகர்ந்து சுவரோரம் போய் நின்றுகொண்டேன். மீதிக் கச்சேரியை அங்கிருந்துதான் பார்த்தேன்.

மறுவாரம் அலுவலகத்தில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது ஒரு சக ஊழியர் கேட்டார்: "இடிபடத்தானே மேடம் அங்க போறாங்க?" கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அதனால் பதிலும் உண்மையாக யோசிக்க வேண்டியதாயிற்று. முன்பின் தெரியாத நூறு உடம்புகள் மோதும் இடத்துக்கு என் காலால் நடந்து போயிருக்கிறேன். அப்படியானால் எதற்குச் சம்மதித்தேன், எதற்குச் சம்மதிக்கவில்லை?

எலியாஸ் கனெட்டி 1960இல் வெளியான 'கூட்டமும் அதிகாரமும்' நூலை, அறியாத ஒன்று தம்மைத் தொட்டுவிடுமோ என்ற மனிதரின் அச்சத்திலிருந்து தொடங்குகிறார். நெருக்கமான கூட்டத்தில் மட்டுமே அந்த அச்சம் கரைந்துபோகிறது என்பது அவர் வாதம். வட்டத்துக்குள் நான் உணர்ந்தது அதையேதான். ஆனால் கம்பியருகே நின்றபோது நடந்ததற்கு அவரிடம் இடமில்லை. பெண்களில் பலருக்குத் தொடப்படும் அச்சம் கரைகிற இடமல்ல கூட்டம், அந்த அச்சம் முதன்முதலில் கற்றுக்கொடுக்கப்படுகிற இடம். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு நகரப் பேருந்து. அப்போது வயது பதிமூன்று.

சட்டமும் இந்தக் கேள்வியோடு தடுமாறியிருக்கிறது. 1988இல் சண்டிகரில் ஒரு விருந்தில், பஞ்சாப் காவல்துறைத் தலைவராக இருந்த கே.பி.எஸ். கில் தன் பின்புறத்தில் தட்டியதாக ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ் புகார் கொடுத்தார். சாதாரண அறிவுள்ள யாரும் குறைசொல்லாத அளவுக்கு அற்பமான தீங்கு குற்றமாகாது என்று பழைய தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அதையும் காரணம் காட்டி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து வழக்கை மீட்டது. 1996இல் கில் குற்றவாளி என்று தீர்ப்பானது, 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒரு தட்டு அற்பமானது அல்ல என்று இறுதியாக நிலைநாட்டப் பதினேழு ஆண்டுகள். அடியின் எடையைக் கொண்டு தீங்கை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தச் சட்டம் எதைக் கொண்டு அளக்கிறது? 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவிலும் 'மாடெஸ்டி' என்ற பழைய சொல்தான் இருக்கிறது. நாணம், மானம், அடக்கம் என்று எப்படிப் பெயர்த்தாலும் அன்றிரவு என்னிடம் அது இருந்ததாகச் சொல்ல முடியாது. வியர்வை வழியக் கத்திக்கொண்டு ஆண்களை மோதித் தள்ளிக்கொண்டிருந்தேன். என்னிடமிருந்து பறிபோனது மானம் அல்ல. அங்கே சமமாக நிற்கிறேன் என்று இரண்டு மணி நேரம் நம்பினேனே, அந்த நம்பிக்கை.

இடித்தவனுக்கும் தொட்டவனுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. இடித்தவனை நானும் இடிக்கலாம். அவன் முகம் எனக்குத் தெரியும். வேண்டாமென்றால் நான் விலகலாம். விழுந்தால் தூக்குவது அவன் பொறுப்பு. தொட்டவனின் செயலில் இந்த நான்கில் ஒன்றும் கிடையாது. நான் அறியாமல் இருந்தால்தான், அல்லது அறிந்தும் நிரூபிக்க முடியாமல் இருந்தால்தான், அவனால் அதைச் செய்யவே முடியும். நான் இடிபடச் சம்மதித்தேன் என்பது ஆட்டத்தின் விதிகளுக்குச் சம்மதித்தேன் என்று அர்த்தம். விதிகளுக்கு வெளியே ஒளிந்திருப்பவனுக்கு அதில் பங்கில்லை.

இதை எழுதும்போதே ஒரு நெருடல். விதிகளை நான் அழகாக்கிக் காட்டுகிறேனோ? அந்த நானூறு பேரில் பெண்கள் முப்பதுகூட இருந்திருக்க மாட்டார்கள். எண்பது கிலோ உடம்பும் ஐம்பது கிலோ உடம்பும் மோதுவது முழுச் சமத்துவமும் அல்ல. பெண்களைக் கொல்வதை ரசித்துப் பாடும் மெட்டல் பாடல்களும் உண்டு, அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. இந்தக் குறைகளுக்கு விடை தேடியவர்களும் இருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பங்க் குழுவான பிகினி கில்லின் கேத்லீன் ஹன்னா, பெண்கள் முன்வரிசைக்கு வரவேண்டும் என்று மேடையிலிருந்தே அழைத்தார். இந்தோனேசியாவின் காரூத்தைச் சேர்ந்த, ஹிஜாப் அணிந்த மூன்று பெண்களின் குழு வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோத். பெண்ணுடல் பொதுச் சொத்தல்ல என்பதையே ஒரு பாடலாக்கினார்கள். 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்தார்கள்.

சென்ற மாதம் அக்கா மகள் கேட்டாள். பத்தொன்பது வயது, கல்லூரியில் படிக்கிறாள். "அடுத்த கச்சேரிக்கு நானும் வரேன் சித்தி." என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் என்ன தெரியுமா? "வா, ஆனா ஓரமா நின்னுக்கணும்." என் அம்மா எனக்குச் சொன்னது. இத்தனை யோசித்த பிறகும் அதுதான் வந்தது. வெட்கமாக இருந்தது. அன்றிரவு நடந்ததை அவளிடம் முழுதாகச் சொன்னேன். கத்தினாலும் கேட்டிருக்காது, அதனால் நகர்ந்தேன் என்றேன்.

கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "கைய தூக்கியிருக்கலாமே சித்தி? விழுந்தா தூக்கணும்னு அவங்க சொன்னாங்கல்ல?" என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. யாராவது விழுந்தால் நிறுத்துவதற்கு அங்கே ஒரு சைகை இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த சைகை. வாசலில் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு நடந்ததும் நிறுத்தப்பட வேண்டிய ஒன்றுதான் என்று அந்த நிமிடத்தில் நான் எண்ணவில்லை. கூட்டம் திரும்பிப் பார்த்திருக்குமா, பார்த்து என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லையே. உயர்நீதிமன்றத்துக்கு முன்பே நானே என் வழக்கை அற்பம் என்று தள்ளுபடி செய்திருக்கிறேன். விலகிப்போகும் உரிமையைப் பயன்படுத்திக்கொண்டேன் என்று இத்தனை நாளும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். உண்மையில் கம்பியருகே நின்றவன் கடைசிப் பாட்டுவரை அங்கேயே நின்றான், சுவரோரம் போனது நான்.

இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அவளுக்கும் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டச் சொல்ல வேண்டும். ஓரமாக நில் என்பதை மட்டும் சொல்லப் போவதில்லை.