இல்லாமல் போன ஜூலை 20

“தூங்கிவிட்டேன்” என்றாள் அந்தப் பெண். அவள் சொன்னது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இன்றுவரை மல்லுக்கட்டுவது என் பாடு.

ஒஹாயோவிலிருந்து ஒரு செமஸ்டர் மட்டும் படிக்கச் சிட்னிக்கு வந்த கல்லூரி மாணவி. எங்கள் வீட்டில் மாடி அறை காலியாக இருந்தது. ஹோம்ஸ்டே ஏற்பாட்டில் எங்களோடு தங்கினாள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜூலை 19 இரவு விமானம் ஏறியவள், ஜூலை 21 காலை இங்கே இறங்கினாள். அன்றிரவு என் மனைவி அவளுடைய விண்ணப்பத் தாளைப் புரட்டிக்கொண்டே, “நேற்று உனக்குப் பிறந்தநாள் ஆயிற்றே!” என்றாள். தாளில் 07/20 என்றிருந்தது. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். இருபதாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் குழப்பம் வரவில்லை. அதுவும் இருபத்தொன்றாவது பிறந்தநாள். இட்லியைச் சட்னியில் தோய்த்தபடி, தலையைக்கூட நிமிர்த்தாமல், அப்போதுதான் சொன்னாள்: தூங்கிவிட்டேன்.

ஜூலை மாதத்தில் லாஸ் ஏஞ்சல்ஸைவிடச் சிட்னி 17 மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே இரவு பத்தரைக்குக் கிளம்பிப் பதினைந்து மணி நேரம் பறந்தால், இங்கே காலை ஆறரை. நடுவில் ஒரு தேதி காணாமல் போயிருக்கும். முழுக்கக் காணாமல் போவதுமில்லை. பசிபிக்கின் மேலே நள்ளிரவு தாண்டியதிலிருந்து தேதிக்கோட்டைக் கடப்பதுவரை, இருட்டில், சில மணி நேரம் அவளுக்கும் ஜூலை 20 இருந்திருக்கிறது. சூரியனே உதிக்காத ஜூலை 20. கண்ணுக்கு மறைப்பைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டுக்கு எழுப்ப வேண்டாம் என்று பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டு, அதையும் அவள் தூங்கிக் கழித்தாள்.

இருபத்தொன்று என்பது அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சும்மா ஒரு எண் இல்லை. 1984-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, அந்த நாடு முழுவதும் மது வாங்க 21 வயது ஆக வேண்டும். அந்த நள்ளிரவில் நண்பர்கள் கூட்டிக்கொண்டு போவார்கள். வாசலில் நிற்பவரிடம் அடையாள அட்டையை முதன்முதலாகத் தைரியமாக நீட்டுவார்கள். ஆஸ்திரேலியாவில் 18 வயதிலேயே அந்த வாசல் திறந்துவிடும். அதனால் அவள் வந்து இறங்கிய ஊரில் அந்த எண்ணால் அவளுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. (21-ஐக் கொண்டாடும் பழக்கம் இங்கும் உண்டு. ஒரு காலத்தில் அதுதான் மேஜராகும் வயது. 1970-களில் சட்டம் மாறிவிட்டது, விருந்து மட்டும் நிற்கவில்லை.)

“ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ டிக்கெட் போட்டிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“இதுதான் மலிவு” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவள்போல, “திரும்பிப் போகும்போது அந்த ஒரு நாள் கிடைத்துவிடும்” என்றாள்.

கிடைக்குமா? ரேஷன் கடையில் இந்த மாதம் வாங்காத சர்க்கரையை அடுத்த மாதம் சேர்த்து வாங்க முடியாது. பிறந்தநாள் மட்டும் அப்படிக் கணக்கில் நிற்குமா?

நாளைப் பற்றி இவ்வளவு கறாராகப் பேச எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதே சந்தேகம். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, தலைமையாசிரியர் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். அந்தக் காலத்தில் அதுதான் வயதுச் சான்றிதழ். விரல் காது மடலைத் தொட்டும் தொடாமலும் நின்றது. பின்னால் நின்ற அப்பா, சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல, என் முழங்கையை லேசாக அமுக்கினார். தொட்டுவிட்டது. “அஞ்சு முடிஞ்சிருச்சா?” என்றார் தலைமையாசிரியர். “முடிஞ்சிருச்சு சார்” என்றார் அப்பா. முடியவில்லை. நான் ஆவணி மாதம் உத்திர நட்சத்திரத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடம் திறந்ததோ ஜூன் மாதம். மேல்மூடி தொலைந்த ஒரு மசிப்பேனாவால், நீளமான பதிவேட்டில், மே மாதத் தேதி ஒன்றை அவராகவே எழுதிக்கொண்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்திருந்தோம்.

இன்றைக்கும் பாஸ்போர்ட்டில் இருப்பது அந்தத் தேதிதான். வங்கியும் இன்சூரன்ஸ்காரர்களும் அன்றைக்குத்தான் வாழ்த்து அனுப்புகிறார்கள். அம்மாவுக்கு அந்தத் தேதி பொருட்டே இல்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஆவணி உத்திரம் எந்தக் கிழமையில் விழுகிறதோ அன்று தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிடுவாள். கோயிலில் என் பெயருக்கு ஓர் அர்ச்சனை, வீட்டில் சேமியா பாயசம். வருஷத்துக்கு வருஷம் அந்த நாள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நிலையில்லாத ஒரு பிறந்தநாளோடும் பொய்யான ஒரு பிறந்தநாளோடும் வளர்ந்த எனக்கு, ஒஹாயோப் பெண்ணின் ஜூலை 20 போனால் என்ன?

இப்படிப்பட்ட சமயத்தில்தான் படித்தது பாதி, மறந்தது பாதியாகச் சில கதைகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஜூல் வெர்னின் ‘எண்பது நாளில் உலகப் பயணம்’ ஒன்று. சிறுவர்களுக்காகச் சுருக்கிய தமிழ்ப் பதிப்பை நூலகத்தில் படித்தேன். யானை, ரயில், கப்பல் எல்லாம் மறந்துபோய்விட்டன. பந்தயம் தோற்றுவிட்டது என்று லண்டன் வீட்டில் முடங்கிக் கிடக்கும் மனிதரும், பாதிரியார் வீட்டுக்குப் போன வேலைக்காரன் தெருவில் தலைதெறிக்க ஓடிவந்து, இன்றைக்கு ஞாயிறு இல்லை, சனிதான் என்று கத்துவதும் மட்டும் மறக்கவில்லை. கிழக்கு நோக்கியே சுற்றியதால் ஒரு நாள் லாபம். எங்கள் பெண் மேற்கே வந்தாள், அவளுக்கு நஷ்டம். ஆனால் வெர்னின் ஆளுக்கு அந்த ஒரு நாளில் இருபதாயிரம் பவுண்டு தங்கிற்று. இவளுக்கு டிக்கெட்டில் கொஞ்சம் டாலர்.

இன்னொன்று கதை மாதிரி இருந்தாலும் நடந்தது. ‘புதையல் தீவு’ எழுதிய ஸ்டீவன்சன் கடைசிக் காலத்தில் சமோவாத் தீவில் குடியிருந்தார். அங்கே அதிகாரியாக வந்த ஓர் அமெரிக்கரின் மகள் பிறந்தது கிறிஸ்துமஸ் அன்று. தனக்கென்று ஒரு பிறந்தநாளே இல்லாமல் போயிற்று என்பது சிறுமியின் குறை. ஸ்டீவன்சன் வழக்கறிஞர் பட்டம் பெற்றவர். தன் பிறந்தநாளான நவம்பர் 13-ஐ அவளுக்கு எழுதிவைத்து, சாட்சிக் கையெழுத்தோடு 1891-இல் பத்திரமே போட்டுக் கொடுத்துவிட்டார். நிபந்தனைகளை மீறினால் அந்த நாள் அமெரிக்க ஜனாதிபதிக்குப் போய்ச் சேரும் என்று ஒரு ஷரத்து வேறு. தனக்கு இனிப் பிறந்தநாள் தேவைப்படாத வயதாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அப்போது அவருக்கு நாற்பதுதான்.

அதே சமோவா மறு வருஷம், அமெரிக்க வியாபாரிகளுக்குத் தோதாகத் தேதியை மாற்றிக்கொண்டு 1892 ஜூலை 4-ஐ இரண்டு தரம் வைத்துக்கொண்டது. நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, வியாபாரம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் சாய்ந்ததும், 2011 டிசம்பர் 30-ஐத் தாண்டிக் குதித்துவிட்டது. வியாழன் ராத்திரி படுத்த நாடு சனிக்கிழமை எழுந்தது. கொடுத்ததும் எடுத்ததும் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். 1892-இல் ஒரு ஜூலை 4-ஐக் கூடுதலாக அனுபவித்தவர்களில் ஒருவரும் 2011-இல் உயிரோடு இல்லை என்பதுதான் இடிக்கிறது.

ஒஹாயோப் பெண் எதற்குமே கலங்காதவள் என்று நினைத்துவிடக் கூடாது. செப்டம்பரில் ஒரு கட்டுரைக்கு 68 மதிப்பெண் வந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இந்த ஊரில் 65-க்கு மேலே ‘கிரெடிட்’, கௌரவமான மதிப்பெண். அவள் ஊரிலோ 68 தேறியும் தேறாத கணக்கு. அவளுடைய கல்லூரி, பாஸா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கும். அது அவளுக்கும் தெரியும். இருந்தும் அழுகை. ஓர் எண் அவளை உலுக்குகிறது, ஒரு நாள் உலுக்கவில்லை. இதை எந்தப் பக்கமிருந்து புரிந்துகொள்வது?

அமெரிக்காவில் ஒரு கல்லூரி பிள்ளைகளைக் கூட்டமாக வெளிநாட்டில் படிக்க அனுப்பிய பழைய முயற்சிகளில் பேர்பெற்றது, 1923-இல் டெலவேர் பல்கலைக்கழகம் எட்டுப் பேரைப் பிரான்சுக்கு அனுப்பியது. கப்பலில் போனார்கள். அட்லாண்டிக்கில் கிழக்கே போகும் கப்பலில் கடிகாரத்தைத் தினமும் கொஞ்சம் முன்னால் தள்ளிவைப்பார்கள். தொலைகிற நேரம் சில்லறையாகத் தொலையும், கண்ணுக்கு முன்னால் தொலையும். மொத்தமாகத் தொலைப்பது விமானம் வந்தபின் எளிதாகிவிட்டது. அதனால்தான் இந்தத் தலைமுறைக்கு வலிக்கவில்லையோ என்று ஒரு நாள் தோன்றியது. அப்படியும் சொல்லிவிட முடியவில்லை. மொத்தமாக இழந்தால் கூடுதலாகத்தானே வலிக்க வேண்டும்?

விடுமுறையில் எங்கள் பெண் தோழிகளோடு பார்க்ஸ் ஊரின் பெரிய ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்தாள். நிலவில் மனிதன் நடந்த காட்சியை உலகத்துக்கு வாங்கிக் கொடுத்த 64 மீட்டர் தட்டு அது. முதல் சில நிமிடங்களை மட்டும் கான்பெராவுக்குப் பக்கத்தில் ஹனிசக்கிள் கிரீக் என்ற நிலையம் பிடித்துத் தந்தது. ஆம்ஸ்ட்ராங் ஒஹாயோக்காரர், நிலவில் கால் வைத்தது 1969 ஜூலை 20, தன் பிறந்தநாள் அதுவென்று சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பெருமை. ஆனால் சிட்னிக் கடிகாரத்தில் அப்போது ஜூலை 21, மதியம் 12:56. “அங்கே எல்லாரும் 21 என்கிறார்கள்” என்றாள், கொஞ்சம் ஏமாந்த குரலில்.

நான் விடவில்லை. நீ பிறந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அம்மாவுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டுச் சொன்னாள்: மாலை நாலு மணி. ஒஹாயோவில் ஜூலை 20 மாலை நாலு என்றால் சிட்னியில் 21 காலை ஆறு. விமானம் தரையிறங்க அரை மணி இருக்கையில், சரியாக அந்த நேரத்தில், அவளுக்கு 21 நிறைந்திருக்கிறது! இறங்கும் முன் எல்லோரையும் எழுப்பி இருக்கையை நிமிர்த்தச் சொல்வார்கள். ஆகவே விழித்துத்தான் இருந்திருப்பாள். ஒன்றும் தொலையவில்லை என்று வெற்றியோடு அறிவித்தேன். அவள் யோசித்துவிட்டு, “அப்படியானால் பிறந்தநாளுக்கு இட்லி சாப்பிட்டிருக்கிறேன்” என்றாள். என் மனைவி சிரித்தாள். நிம்மதி அடைந்தது நான் ஒருவன்தான். அதுவும் இரண்டு நாள் தாங்கவில்லை.

நவம்பரில், நன்றி நவிலும் வியாழன் அன்று காலை பதினொரு மணிக்குக் கிளம்பி, அதே வியாழன் காலை ஐந்தரைக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினாள். ராத்திரி ஒஹாயோவில் வான்கோழி விருந்து. அந்தத் தேதியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தாயா என்று கேட்டதற்கும் பதில் பழைய பதில்தான்: மலிவு. ஜூலையில் போன நாள் திரும்ப வந்ததா என்று செய்தி அனுப்பினேன். “ரொம்ப நீளமான வியாழக்கிழமை” என்று பதில் வந்தது. நான் என்ன கேட்கிறேன் என்பதே அவளுக்கு மறந்திருக்கலாம்.

என் அப்பா தஞ்சாவூரில் இறந்தது ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, இரவு பத்து மணிக்கு. தம்பி போன் செய்தபோது இங்கே ஞாயிறு பின்னிரவு இரண்டரை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். தம்பிக்கு அப்பா சனிக்கிழமை போனார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை. திவசத்துக்குப் பார்க்கிற திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளியைப் பன்னிரண்டு பன்னிரண்டு பாகையாகப் பிரிக்கிற கணக்கு. அது தொடங்குவதும் முடிவதும் உலகம் முழுக்க ஒரே நொடியில்தான். பொழுது விடிவதும் உச்சி சாய்வதும்தான் ஊருக்கு ஊர் வேறு. அதனால் சில வருஷங்களில் அங்கே ஒரு நாளும் இங்கே வேறொரு நாளும் திவசத்துக்கு உரியதாகிவிடுகிறது. இருக்கிற ஊரின் கணக்கைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார் இங்குள்ள சாஸ்திரிகள் ஒருவர். உயிர் பிரிந்த ஊரின் கணக்கு என்கிறார் இன்னொருவர். இருவரும் காரணம் சொல்கிறார்கள். இரண்டு காரணமும் கேட்கும்போது சரியாகவே படுகிறது.

இந்த வருஷமும் ஒரு நாள் வித்தியாசம் வருகிறது. “நீ என்னைக்குப் பண்ணப்போறே?” என்று தம்பி கேட்டுவிட்டான். இரண்டு நாளுக்கும் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாளும் செய்தால் என்ன குடி முழுகிவிடும் என்கிறாள் மனைவி. செய்யலாம்தான். அப்படிச் செய்வது இரண்டு நாளையும் மதிப்பதா, இரண்டில் ஒன்றையும் நம்பாததா என்று எனக்குப் பிடிபடவில்லை.