பெயர் எழுதாத பாஸ்புக்

கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்று ஒரு நாடு இருக்கிறது. பாஸ்போர்ட்டைத் தேடாதீர்கள்! மலைமேல் ஊர்த் தொகுதிக்கு நாடு என்றுதான் பெயர்.

அந்த மலையில் பெய்கிற மழை கொஞ்சம் ஓடிவிடுகிறது. மீதியில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்புகளில் தங்கி, பிறகு ஊற்றாகக் கசிகிறது. மலையில் பிறக்கும் ஐயாறு, ஆகாய கங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலை வழியே திருச்சி மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. மரத்தை வெட்டாமல் காப்பவர் மேலே. தண்ணீர் பார்ப்பவர் கீழே. நன்றி சொல்லி யாரும் கடுதாசி போடுவதில்லை.

உங்கள் வீட்டிலும் இதே கதைதான். 2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நீங்கள் குழி வெட்டி, ஜல்லி கொட்டி, மொட்டைமாடித் தண்ணீரை மண்ணுக்குள் அனுப்பினீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் செய்யவில்லை. ஆழமாக போர் போட்டு மோட்டாரைத் தட்டிவிட்டார். போட்டது நீங்கள், எடுப்பது அவர்!

கேட்டால், 'என் நிலம், என் தண்ணி' என்பார். 1882-ம் வருடத்து வசதியுரிமைச் சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. அது கமலை காலத்துச் சட்டம். மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். மோட்டாருக்கு ஏது களைப்பு? உலகத்திலேயே அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இன்று இந்தியா. தமிழகம் இதற்கென்றே 2003-ல் ஒரு சட்டம் இயற்றி, 2013-ல் அதையும் ரத்து செய்துவிட்டது.

அப்படியானால் குழி வெட்டியவர் ஏமாளியா?

ஒன்று யோசியுங்கள். இத்தனை வருடம் நீங்கள் இறைத்த தண்ணீரை யார் போட்டு வைத்தது? சிமென்ட் பூசாத யாரோ ஒருவரின் கொல்லைப்புறம், யாரோ தூர் வாரிய ஏரி. அவர்கள் கணக்கில் நாமும் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆக, குழி வெட்டுவது தர்மம் இல்லை. பழைய கடனில் ஒரு தவணை.

அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிட வேண்டியதில்லை. கடன் அவருக்கும் உண்டு. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் லாரிக்குக் குடத்தோடு நின்றபோது, குழி வெட்டியவருக்கென்று தனி வரிசை இருந்ததா என்ன?

ஐப்பசிக்கு முன்னால் குழியில் அடைத்திருக்கும் சருகை அள்ளுங்கள். அள்ளும்போது அவரையும் ஒரு குரல் கூப்பிடுங்கள். எவ்வளவு போடுகிறோம் என்று பேச ஆரம்பித்தால், எவ்வளவு எடுக்கலாம் என்பதையும் பேசியாக வேண்டும்.