ஓய்வுபெற்றார் நாடோறும் ஸ்போர்ட்ஸ் கார் செலுத்தலாமோ?

கனடா தேசத்திலே ரொறன்ரோ நகரத்தில் வசிக்கும் அன்பரொருவர் எமக்கு ஒரு வினா எழுதி விடுத்தார். அவர் சென்ற ஆண்டு உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்றவர், வயது 66, எம்மினும் மூத்தவர். பல்லாண்டு காலம் பிறர் குறித்த நேரத்துக்கு எழுந்து, பிறர் குறித்த இடத்துக்குச் சென்று, ஊதியத்தைப் பிள்ளைகளின் கல்விக்கும் வீட்டுக் கடனுக்கும் பகிர்ந்து கொடுத்து, அவையெல்லாம் முடிந்தபின்னர்த் தமக்கென்று ஒன்றை விரும்பினார். அது ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவு வண்டி. வாங்குதல் தகுமோ என்பது அவருடைய வினாவன்று. அதனை அவர் தம்முள்ளே முன்னரே துணிந்துவிட்டார். வாங்கியதை நாடோறும் செலுத்துதல் தகுமோ, அன்றி ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரம் வெளியே எடுத்து மற்றை நாள்களிற் போர்வையால் மூடிவைத்தல் தகுமோ என்பதே வினா. நண்பரொருவர் மூடிவைக்கும்படி கூறினாராம். ஓட்டம் கூடக்கூட விலை குறையும் என்பது அவர் காட்டிய நியாயம். மற்றொருவர், இந்த வயதிலே இஃதென்ன கோலம் என்று நகைத்தாராம்.

இவ்வினா அற்பமானது, பத்திரிகையில் எடுத்துப் பேசற்பாலதன்று என்று நம்மவருட் சிலர் கருதக்கூடும். யாமும் முதலில் அவ்வாறே கருதினோம். ஆயினும், ஒருவன் எஞ்சிய பொருளையும் எஞ்சிய நாளையும் எவ்வாறு செலவிடுகின்றான் என்பது அற்பமன்று. அதனை ஆராய்தற்கு ஆலயத் திருப்பணியும் அன்னசத்திரமும் மாத்திரமே தக்க உதாரணங்கள் என்னும் நியதியுமில்லை.

நகைத்தவருக்கு விடை கூறுதல் எளிது. இருபத்தைந்து வயதில் விருப்பமுண்டு, பொருளில்லை; நாற்பதிற் பொருளுண்டு, அது பிள்ளைகளுடையது; அறுபதுக்குமேலேதான் பலருக்கு இரண்டும் ஒருங்கு கூடுகின்றன. ஆதலின் இவ்வண்டி முதுமைக்கு இழுக்கென்பது பொருந்தாது. நரைத்த மயிருக்கு மை பூசி வயதை மறைப்பான் ஒருவன் வண்டியாலும் மறைக்க முயலலாம். அஃது அவன் குற்றமேயன்றி வண்டியின் குற்றமன்று.

அன்பர் இரண்டு வண்டிகளை எடுத்துக்கூறி, மனம் இரண்டுக்கும் இடையே ஊசலாடுகின்றது என்றார். ஒன்று யப்பானியர் செய்யும் மஸ்டா எம்.எக்ஸ்.-5. இது 1989ஆம் ஆண்டு சிக்காகோ நகரத்துக் கண்காட்சியில் முதன்முதல் வெளியிடப்பட்டது. இருவர் மாத்திரம் இருக்கத்தக்கது. கூரையை மடித்துத் திறந்து செல்லலாம். 2016ஆம் ஆண்டிலே பத்து லட்சமாவது வண்டி செய்து முடிக்கப்பட்டது. அதன் நான்காந் தலைமுறை வண்டியும் ஏறக்குறைய 1,060 கிலோகிராம் நிறையே உடையது. மற்றையது ஜெர்மானியர் செய்யும் போர்ஷே 911. இது 1963ஆம் ஆண்டு பிராங்பேர்ட் கண்காட்சியிலே 901 என்னும் பெயரோடு காட்டப்பெற்று, நடுவிலே சுழியமுள்ள மூவிலக்கப் பெயர்களுக்குப் பெஜோ என்னும் பிரெஞ்சு நிறுவனத்தார் உரிமை கூறியமையால் 911 ஆயிற்று. இதன் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னே உள்ளது. பயணப் பெட்டி வைக்கும் இடம் முன்னே உள்ளது.

இவ்விரண்டனுள் நாடோறும் செலுத்துதற்கு எது தக்கதென்பதில் எமக்கு ஐயமில்லை. அண்மைக் காலத்து 911 நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை ஏறக்குறைய நான்கு விநாடியில் அடையும். அப்போதும் அது தன் வலியிற் பெரும்பாகத்தைக் காட்டியிராது. அன்பர் வாழும் ஒன்ராறியோ மாகாணத்திலோ, விதித்த வேகத்துக்கு மேல் 50 கிலோமீற்றர் கூடினால், 80இற் குறைந்த வேகம் விதித்த வீதிகளில் 40 கூடினாலே, அனுமதிப்பத்திரம் அவ்விடத்திலேயே 30 நாளுக்குப் பறிக்கப்படும். வண்டியும் 14 நாளுக்குப் பிடித்துவைக்கப்படும். எனவே நாடோறும் 911 செலுத்துபவர் நாடோறும் அதனை அடக்குதலையே தொழிலாகக் கொள்ளல் வேண்டும். எம்.எக்ஸ்.-5 அவ்வாறன்று. வலியும் சிறிது, நிறையும் சிறிது. கையாற் கியர் மாற்றுதலும் வளைவிலே திரும்புதலும் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலேயே இனிமை பயக்கும்.

இனி, மூடிவைக்கச் சொன்ன நண்பருடைய கூற்றை நோக்குவாம். யாழ்ப்பாணத்திலே சவாரிக்கென வளர்க்கும் மாடுகளை எரு வண்டியிற் பூட்டுவாரில்லை; நண்பர் கருதியதும் அதுவே போலும். அஃதொக்கும். ஆயினும் சவாரி மாட்டையும் நாடோறும் நடத்திப் பழக்காது தொழுவத்திலே கட்டி வைப்பாரில்லை. இயந்திரமோ மாட்டினும் விரைவாக நின்ற இடத்திலே கெடுவது. வண்டி உறங்கும்போதும் அதனுள் உள்ள மணிக்கூடும் கள்வரை அறிவிக்கும் கருவியும் பற்றரியிலிருந்து மின்னை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். பிறேக்கின் இரும்புத் தட்டுகள் துருப்பிடிக்கும். பாரம் ஒரேயிடத்தில் அழுத்துதலால் ரயர் தட்டையாகும். தாங்கியிலுள்ள பெற்றோல் நாட்பட நாட்பட எளிதில் ஆவியாகும் பகுதியை இழந்து பழுதாகும். குளிர்காலத்திலே கதகதப்பைத் தேடிவரும் எலிகள் கம்பிகளைக் கறித்துவிட்டுப் போகும். அவற்றுக்கு விலை மதிப்புத் தெரியாது.

ஓட்டத்தால் விலை குறையும் என்பது மெய்யே. யாருக்குக் குறையும் என்பதையும் உடன் கேட்டல் வேண்டும். 66 வயதினர் பத்தாண்டு மூடிவைத்து 76ஆம் வயதில் விற்பாராயின், அவ்வண்டியைப் புதுக்கருக்கு அழியாமற் பெறுபவன் அவர் முன்பின் அறியாத ஒருவன். பத்தாண்டு இவர் செய்த தவத்தின் பயன் அவனுடையதாகும். அதற்கு ஈடாக இவருக்குக் கிடைப்பது சிறிது மிகையான பணம். அப்பணம் வரும்போது இவர் விரும்பிய காலம் கழிந்திருக்கும். திருவள்ளுவர் தாமும் துய்க்காது பிறர்க்கும் உதவாது கிடக்கும் பொருளைப் பற்றி நன்றியில் செல்வம் என்று தனியே ஓரதிகாரம் வகுத்தார். பாதிரிமார் பாடசாலையிலே யாம் இளமையிற் கேட்ட, தாலந்தை நிலத்திற் புதைத்துவைத்த வேலைக்காரன் கதையும் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. அக்கதையில் எசமானன் கோபித்தது அவன் செலவழித்ததற்கன்று, புதைத்ததற்கேயாம்.

இவையெல்லாம் எண்ணி, நாடோறும் செலுத்துக என்று யாம் ஒரு மறுமொழி எழுதி உறையிலும் இட்டோம். அனுப்புமுன் அன்பருடைய கடிதத்தை மறுமுறை வாசித்தோம். ஈற்றிலே, கையொப்பத்துக்குச் சற்று மேலே, முதல் வாசிப்பில் எம் கண்ணிற் படாத ஒரு வரி இருந்தது. வீட்டில் இப்பொழுதுள்ள உயரமான பழைய வண்டியை விற்றே இதனை வாங்க எண்ணியிருப்பதாகவும், மனைவியாருக்கு முழங்கால் வாதம் உண்டாயினும் அவர் மறுக்கவில்லை எனவும் எழுதியிருந்தார்.

மறுக்கவில்லை என்னும் சொல்லை யாம் நெடுநேரம் நோக்கிக்கொண்டிருந்தோம். நம்முடைய குடும்பங்களிலே அச்சொல்லுக்குள் எத்தனை பொருள் அடங்கும் என்பதை இல்லறத்தார் அறிவர். அவ்வம்மையார் வண்டி செலுத்தக் கல்லாதவர். ஆகவே வைத்தியரிடம் செல்லுதலும், கடைக்குச் செல்லுதலும், மகள் வீட்டுக்குச் செல்லுதலும் கணவர் செலுத்தும் வண்டியில் ஏறுதலையே பொறுத்தன. ஸ்போர்ட்ஸ் காரின் ஆசனமோ நிலத்தோடு அணுகியது. இடுப்பு முழங்காலினும் தாழுமாறு பின்புறமாகச் சாய்ந்து விழுந்து, பின்னர் இரு கால்களையும் வாயிற்படி போன்ற விளிம்புக்கு மேலே தூக்கி உள்ளே வைத்தல் வேண்டும். இறங்குதல் அதனினும் அரிது. உடலின் பாரம் முழுவதையும் மடங்கிய முழங்காலே எழுப்பல் வேண்டும். நாளை அவருக்கு ஊன்றி நடக்கும் சட்டம் வேண்டியதாயின், எம்.எக்ஸ்.-5 வண்டியின் 130 லீற்றர் கொள்ளும் பெட்டியில் அதற்கு இடந்தேடுவது எங்ஙனம்? பேரப்பிள்ளையைப் பாடசாலையிலிருந்து அழைத்துவருதலும் அவ்வாறே. பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளைப் பின்னாசனத்தில் இருத்துதலே பாதுகாப்பு என்பது அந்நாட்டு அரசாங்கத்தாரின் அறிவுரை. இவ்வண்டியிலோ பின்னாசனமே இல்லை.

அன்பர் தம் கடமை முடிந்தது என்று எழுதினார். முடிந்தது கந்தோரின் கடமை. நாடோறும் செலுத்தும் வண்டி என்பதும் கந்தோர்க் காலத்துப் பேச்சேயாம். அப்போது காலையிற் போதலும் மாலையில் மீளுதலுமாக ஒரு பாதை இருந்தது. அதிற் பெரும்பாலும் தனியே சென்றார். எவ்வண்டியிற் செல்லுகின்றார் என்பது வீட்டிலுள்ளாரை அதிகம் தொடவில்லை. ஓய்வுபெற்றவருக்கு அப்பாதை இல்லை. இனி அவர் செல்லும் வழிகளிற் பாதிக்குமேல் மனைவியாரோடு செல்லும் வழிகள். அவ்வழிகளிலே ஒவ்வொருநாளும் ஒருவருடைய களிப்பு மற்றவருடைய நோவின்மேல் ஓடுமாயின் என்ன நிகழும் என்பதை ஊகித்தல் அரிதன்று. அவ்வம்மையார் முறையிடமாட்டார். "நீங்கள் போய்வாருங்கள், நான் வீட்டில் இருக்கின்றேன்" என்பார். முதலிற் கடைக்கு வருதலை நிறுத்துவார். பின்பு கலியாண வீடுகளுக்கு. பின்பு கோயிலுக்கும் திருவிழா நாளில் மாத்திரம் வருவார். யாரும் அவரைத் தடுத்தார் என்று கூற இயலாது. ஈராண்டு கழிந்தபின், அவர் வெளியே செல்ல விருப்பமில்லாதவர் என்று பிள்ளைகளும் கூறுவார்கள்.

அற்றேல், அன்பர் தம் விருப்பத்தைக் கைவிடல் வேண்டுமோ எனின், வேண்டா. பழைய வண்டியை விற்றலையே கைவிடல் வேண்டும். 911க்கென எண்ணிய பணத்திற் சிறுபகுதிக்கு, சில ஆண்டு ஓடிய எம்.எக்ஸ்.-5 ஒன்றை வாங்கலாம்; மிஞ்சியது இரண்டு வண்டிகளையும் காப்புறுதியோடு பல்லாண்டு வைத்திருக்கப் போதும். அதன்பின் சிறு வண்டியைத் தாராளமாகச் செலுத்துக. கடைத்தெருவில் நிறுத்துக, வெயிலில் நிறுத்துக. தேநீர்க் கடையின் கண்ணாடி வழியே ஐந்து நிமிடத்துக்கொருமுறை அதனை எட்டிப் பார்ப்பவர் வண்டியை உடையரல்லர். வண்டி அவரை உடையது.

எனினும் இரண்டு கிலோமீற்றர் தூரத்திலுள்ள கடைக்குப் பால் வாங்க அதனை எடுத்தல் நன்றன்று. தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் வந்தவுடன் எஞ்சின் சூடேறிற்றென்று பலர் எண்ணுவர். எண்ணெய் சூடேறுதற்கு அதனினும் நெடுநேரம் வேண்டும். அதற்கு முன் நிறுத்தி நிறுத்தி எடுத்தால், எரியாத பெற்றோலும் நீராவியும் எண்ணெயிற் கலந்து, ஆவியாய்ப் போகாமல் அங்கேயே தங்கிவிடும். பாலுக்கு நடந்து செல்லுதல் எஞ்சினுக்கும் நல்லது, செல்பவருக்கும் நல்லது. குளிர்காலமும் தனியே எண்ணற்பாலது. கோடைக்குரிய ரயர்கள் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். ரயரை மாற்றினாலும் வீதியிலே தூவும் உப்பு அடிப்பாகத்தை அரிக்கும். ஆதலின் அந்நகரத்திலே நாடோறும் என்பதைச் சித்திரை இறுதி முதல் ஐப்பசி வரை என்று கொள்ளுதலே அமையும். எஞ்சிய மாதங்களிற் பற்றரிக்கு மின்னூட்டும் கருவியைப் பூட்டி வைக்கலாம்; அது மூடிவைத்தலாகாதோ என்று நண்பர் கேட்பாராயின், கேட்கட்டும்.

கண்ணையும் காலையும் பற்றி ஒரு வார்த்தை. அம்மாகாணத்தில் 80 வயதடைந்தோர் ஈராண்டுக்கொருமுறை பார்வைச் சோதனையோடு அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்தல் வேண்டும் என்பது விதி. அவ்விதி வருமளவும் காத்திராது, எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச்செய்யும் நாள்தொட்டு இரவிற் செலுத்துதலைத் தாமே நிறுத்துதல் நன்று. கிளச்சை மிதிக்கும் இடக்கால் நெரிசலில் நோவெடுக்கும் நாளும் வரலாம். அப்போது அவர் தம் மனைவியாருடைய முழங்காலை எம்முடைய எழுத்தின் உதவியின்றியே அறிவார்.

உறையிலிட்ட மறுமொழியைக் கிழித்துவிட்டோம். அன்பர்க்கு இப்பொழுது எழுதுவது இவ்வளவே: தாங்கள் வண்டி பார்க்கச் செல்லும் நாளில் அவ்வம்மையாரையும் உடன் அழைத்துச் செல்லுக. அவ்வாசனத்தில் அவரை இருத்தி, விற்போன் அருகில் இல்லாத சமயம் பார்த்து எழுந்திருக்கச் சொல்லுக. கதவின் விளிம்பைப் பற்றுகின்றாரோ, தங்கள் கையைப் பற்றுகின்றாரோ, ஒன்றையும் பற்றாது எழுகின்றாரோ என்பதை நோக்கி, விலை பேசுமுன் எமக்கு எழுதுக.