மனோரதியப் புனைகதைகளும் வாசக இன்பமும்: ஓர் அறவியல் நோக்கு

வாசிப்பை உயர்ந்த பழக்கமெனப் போற்றும் சமூகம், வாசிக்கப்படும் நூல்கள் யாவற்றையும் ஒரே நிறையிலே வைத்து மதிப்பதில்லை. ஒருவர் கையிலே பழந்தமிழ் இலக்கியமோ சமூக நாவலோ இருக்குமாயின் அது கல்வி எனப்படும். காதற் கதையோ மாயப் புனைகதையோ இருக்குமாயின் அது பொழுதைக் கொல்லுதல் எனப்படும். வந்தாறுமூலையிலிருந்து மட்டக்களப்பு நகருக்குச் செல்லும் பேருந்திலே, கைத்தொலைபேசியில் தொடர்கதையொன்றின் அடுத்த அத்தியாயத்தை ஆவலோடு திறக்கும் மாணவி, அறிந்தவர் ஒருவர் அருகே வந்தமர்ந்ததும் திரையை அணைத்துவிடுதல் இயல்பே. மறைக்கப்படும் இன்பத்தின்மீது குற்றவுணர்வு படிந்திருத்தல் கூடும். அக்குற்றவுணர்வு நியாயமானதா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

இவ்வினா இன்று பலரைத் தொடுவதாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிய ரமணிசந்திரனின் வாசகியர் தமிழகத்தைப் போன்றே ஈழத்திலும் பெருந்தொகையினர். 2014இல் தொடங்கிய பிரதிலிபி முதலான செயலிகளும், 2016இன் இறுதியிலே தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கிய கிண்டிலும் இவ்வகை எழுத்தை அச்சகத்திலிருந்து விடுவித்தன. ஆங்கிலம் வாசிப்போரிடையே, ரெபெக்கா யரோஸ் 2023இல் வெளியிட்ட 'ஃபோர்த் விங்' போன்ற, பறவைநாகங்களும் காதலும் ஒருங்கே இடம்பெறும் நாவல்கள் பரவியுள்ளன. இவற்றின்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுகளை மூன்றாக வகுக்கலாம். இவை தரும் இன்பம் தாழ்ந்தது என்பது ஒன்று. இவை வாழ்விலிருந்து தப்பியோடச் செய்கின்றன என்பது மற்றொன்று. இவை பொய்யான ஆசைகளை விதைக்கின்றன என்பது மூன்றாவது.

முதலாவது குற்றச்சாட்டை முதலில் நோக்குதல் தகும். இன்பங்களுள் உயர்வு தாழ்வு உண்டென்னும் கொள்கையை வலியுறுத்தியவர்களுள் ஜோன் ஸ்ருவாட் மில் முக்கியமானவர். 1863இல் நூலுருப் பெற்ற தமது 'பயன்பாட்டுவாதம்' என்னும் நூலில், இருவகை இன்பங்களையும் நுகர்ந்தறிந்தோர் எதனைத் தெரிவு செய்கின்றனரோ அதுவே உயர்ந்தது என்று அவர் அளவுகோல் வகுத்தார். இவ்வளவுகோல் இங்கே பழிப்போரின் துணைக்கு வாராது. காதற் கதைகளை இகழ்வோருட் பலர் அவற்றை வாசித்தறியாதவர். மறுபுறத்தில், பகலிலே தொல்காப்பியமும் இரவிலே காதல் நாவலும் வாசிக்கும் மாணவர் இரண்டையும் அறிந்தவர். அவர் இரண்டையுமே விரும்புகின்றார். மில்லின் நீதிமன்றத்திலே தீர்ப்புக் கூறும் தகுதி அவருக்கே உண்டு.

தொல்காப்பியரும் இவ்விடத்து நினைக்கத்தக்கவர். மெய்ப்பாட்டியலில் அவர் வகுத்த எட்டனுள் உவகையும் மருட்கையும் அழுகைக்கும் வெகுளிக்கும் நிகராக வைக்கப்பட்டுள்ளன. காதற் கதை உவகையின்மீதும் மாயக் கதை மருட்கையின்மீதும் கட்டப்படுபவை. அழவைக்கும் கதை கனமானது, வியக்கவைக்கும் கதை இலேசானது என்னும் தரப்படுத்தலுக்குத் தமிழ்க் கவிதையியலில் அடிப்படை இல்லை.

ஈழத்து நாவலின் தோற்றமும் இதனையே உணர்த்துகின்றது. 1885இல் வெளிவந்த சித்திலெப்பையின் அசன்பே சரித்திரம், எகிப்தில் பிறந்து கடத்தப்படும் சிறுவனொருவனின் சாகசக் கதை. 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய ஊசோன் பாலந்தை கதை, கரடியால் வளர்க்கப்பட்டவனையும் அவன் இரட்டைச் சகோதரனையும் பற்றிய ஐரோப்பிய அற்புதக் கதையின் தழுவல். அவ்வூரவரான சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி, 1895இல் வெளிவந்த நாயக்கர் காலக் காதற் கதை. கீழைக்கரையின் நாவல் காதலும் அற்புதமும் கலந்தே பிறந்தது. பின்னரே அது யதார்த்தத்தைக் கற்றது. எனவே, காதற் கதை நாவலின் சீரழிவு என்போர் வரலாற்றைத் தலைகீழாக வாசிப்பவராவர்.

இரண்டாவது குற்றச்சாட்டு இதனினும் கனதியானது. பேராசிரியர் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வெளிவந்தது. நாவலைச் சமூக யதார்த்தத்தோடு பிணைத்து நோக்கிய அத்தலைமுறை விமர்சகர்கள், சாதியும் வறுமையும் நிலமின்மையும் வாட்டும் நாட்டிலே கனவுக் கதைகள் வாசகரை உறங்கவைக்கும் என்றஞ்சினர். அவ்வச்சம் மனிதநேயத்திலிருந்து எழுந்தது; ஆகையால் எள்ளி ஒதுக்கத்தக்கதன்று. அவர்கள் அவ்வாறு எழுதிய பின்னர் மட்டக்களப்பு கண்டவையோ மிகக் கொடியவை. 1978 நவம்பரில் சூறாவளி. 1983 முதல் 2009 வரை நாட்டைச் சிதைத்த போர். 2004 டிசெம்பர் 26இல் கல்லடியையும் நாவலடியையும் விழுங்கிய கடல். உற்றாரை இழந்தோர் வீடுதோறும் வாழும் மண்ணிலே, எங்கோ இல்லாத அரண்மனையொன்றின் காதலை வாசித்து மகிழ்தல் இறந்தோர்க்கு இழைக்கும் துரோகமாகாதா?

இதற்கு விடை தேடுகையில், ரோல்கியன் 1939இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரை உதவும். தப்பித்தல் என்னும் ஒரு சொல்லுக்குள் இரு வேறு செயல்கள் குழப்பப்படுகின்றன என்றார் அவர். சிறைப்பட்டவன் வீட்டை நினைத்தலும் போர்வீரன் களத்தைவிட்டு ஓடுதலும் ஒன்றல்ல. சிறைப்பட்டவன் சுவர்களைத் தவிர வேறெதனையும் பேசலாகாது என்று வற்புறுத்துவோர் யார் என்னும் ஐயத்தையும் அவ்வாதம் எழுப்புகின்றது.

மட்டக்களப்பின் அனுபவம் இவ்வாதத்தை இன்னும் ஒருபடி மேலே கொண்டு செல்லும். துயரத்தை எழுத்திலே மீண்டும் வாசித்தல் துயருற்றோரின் கடமையன்று. அது துயருறாதோரின் கடமை. கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்த தாயொருத்தி சுனாமி பற்றிய நாவலை வாசிக்கவேண்டும் என்று விதிப்பதற்கு எந்த அறமும் இடந்தராது. அவள் அரை மணிநேரம் வேறொருத்தியின் வாழ்விலே மூழ்கி, இணைந்த காதலரைக் கண்டு மனம் நிறைவாளாயின், அந்நிறைவு எவரிடமிருந்தும் பறிக்கப்பட்டதன்று. ஆனால் அத்துயரம் நெருங்காத வாசகர் ஒருவர், தம் அயலாரின் கதை எதனையும் அறிய மறுத்துக் கனவுக் கதைகளுக்குள் மட்டும் வாழ்வாராயின், விமர்சகரின் அச்சம் அவரிடத்துப் பொருந்தும். அங்கும் குறை அறிய மறுத்ததில் உள்ளதேயன்றி, நாவலை விரும்பியதில் இல்லை.

தப்பித்தல் பற்றிய பழி யார்மீது சுமத்தப்படுகின்றது என்பதும் கருதத்தக்கது. சாண்டில்யனின் கடல் புறாவையும் யவன ராணியையும் இளமையிலே இரவிரவாக வாசித்ததை ஆடவர் பெருமையோடு நினைவுகூர்வர். அந்நூல்களுக்குச் சரித்திர நாவல் என்னும் கௌரவமும் உண்டு. அவற்றிலும் காதலும் சாகசமும் வருணனையுமே மேலோங்கி நிற்கின்றன. அதே உணர்ச்சிகளைச் சமகாலக் குடும்பக் கதையிலே தேடும் பெண் மட்டும் நகைப்புக்குள்ளாகின்றாள். வாசகர் யார் என்பதனைக் கொண்டு இன்பத்தின் தரம் நிறுக்கப்படுமாயின் அத்தராசு கோணியது.

இவ்விரு குற்றச்சாட்டுகளும் இவ்வாறு வலுவிழந்தபோதும் மூன்றாவது எஞ்சி நிற்கின்றது; அதனை எளிதாகக் கடந்து செல்லுதல் நேர்மையாகாது. இவை பொய்யான ஆசைகளை விதைக்கின்றனவா? இதற்கு விடைகாண மட்டக்களப்பின் கூத்துக் களரியை நோக்குதல் பயனுடைத்து.

தென்மோடியில் அலங்காரரூபன் நாடகம் போன்ற காதற் கதைகள் இப்பிரதேசத்திலே நெடுங்காலம் ஆடப்பட்டு வந்துள்ளன. பாகவதக் கதையை அடியொற்றிய அனுருத்திர நாடகமும் இங்கு வழங்கியது. வாணாசுரனின் மகள் உஷை, முன்பின் அறியாத இளைஞனொருவனைக் கனவிலே கண்டு காதலுறுகின்றாள். அவள் தோழி சித்திரலேகை அரசகுமாரர் பலரின் உருவங்களைத் தீட்டிக் காட்ட, அவருள் அநிருத்தனை உஷை இனங்காண்கின்றாள். தோழியோ தன் மாய ஆற்றலால், துவாரகையிலே உறங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கிவந்து உஷையின் மாளிகையிலே சேர்க்கின்றாள். இன்றைய மாயக் காதல் நாவலொன்றுக்கு வேண்டிய யாவும் இக்கதையில் உண்டு. வட்டக் களரியைச் சூழ்ந்திருந்து, அண்ணாவியாரின் மத்தளத்துக்கும் சல்லரிக்கும் இடையே, விடியும்வரை இத்தகைய கதைகளைச் சுவைத்த மக்கள் விடிந்ததும் வயலுக்கும் வாவிக்கும் சென்றனர். கதை அவர்களை உழைப்பிலிருந்து பிரித்துவிடவில்லை.

அறவியல் நோக்கிலே இக்கதையில் ஒரு சிக்கல் உண்டு. அநிருத்தனின் இசைவை யாரும் கேட்கவில்லை, உறங்குகின்றவன் கடத்தப்படுகின்றான். ஆயினும் இக்கதை எவருக்கும் கடத்தலைக் கற்பித்ததாகக் கொள்ளுதல் அரிது. வானிலே பறக்கும் தோழியும் முடியும் உடுப்பும் அணிந்த கூத்தரும் 'இது இவ்வுலகன்று' என்று கணந்தோறும் அறிவித்துக்கொண்டிருந்தமையே அதற்குக் காரணம். நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று தொல்காப்பியர் பிரித்தறிந்த இரண்டனுள், முன்னையது தன்னைத் தானே வெளிப்படுத்திக்கொண்டு நின்றது.

இங்கேதான் மாயக் கதைக்கும் காதற் கதைக்குமிடையே உள்ள வேறுபாடு புலனாகின்றது. மாயக் கதையின் பொய் வெளிப்படையானது. பறவைநாகத்தின் முதுகில் ஏறலாமென்று நம்பி எவரும் கெட்டதில்லை. காதற் கதையின் பொய்யோ உலகியலின் உடையை அணிந்து வருகின்றது. அண்மைக்கால இணைய நாவல்களிலே 'ஆன்டி ஹீரோ' என்னும் பெயரோடு வழங்கும் நாயகனை எடுத்துக்கொள்ளலாம். பழிவாங்கும் நோக்கோடு பெண்ணொருத்தியை வலிந்து மணக்கின்றான். சொல்லாலும் செயலாலும் வருத்துகின்றான். அக்கொடுமை யாவும் அளவுகடந்த காதலின் வெளிப்பாடே என்று இறுதி அத்தியாயங்களில் அறிவிக்கப்படுகின்றது. அவன் மாயத்தால் தூக்கிச் செல்வதில்லை, மோட்டார் வண்டியிலே கடத்துகின்றான். கந்தருவ உலகிலன்று, அடுத்த தெருவிலே வாழ்கின்றான். ஆகவே விமர்சகர் வழக்கமாக அஞ்சும் இடத்தில் ஆபத்தில்லை. நடக்க இயலாததைச் சொல்லும் கதையைவிட, நடக்கக்கூடியதை மன்னிக்கத்தக்கதாக்கும் கதையே விழிப்போடு வாசிக்கற்பாலது.

இது வெறும் இலக்கியச் சிக்கலன்று. 1995இல் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, கணவன் மனைவிமீது புரியும் பாலியல் வன்முறை, நீதிமன்றத் தீர்ப்பால் அவர்கள் பிரிந்திருந்தாலன்றிக் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. சட்டம் மௌனம் சாதித்த இடத்திலே கதையும் காதல் என்று பெயர்சூட்டுமாயின், துன்புறும் பெண்ணுக்குத் தன் துன்பத்தைச் சொல்ல ஒரு சொல்லும் எஞ்சாது.

ஆயினும் வாசகியர் இவற்றை அப்படியே விழுங்குகின்றனர் என்று முடிவு செய்தல் தவறு. 1984இல் வெளியான ஆய்வு நூலொன்றிலே, அமெரிக்காவின் ஜனிஸ் றாட்வே காதல் நாவல்களின் வாசகியரையே நேரிற் கண்டு உரையாடி இருமுகமான உண்மையொன்றை வெளிப்படுத்தினார். குடும்பத்தார் அனைவருக்கும் தம் நேரத்தை ஈந்த பெண்கள், நூலை விரிக்கும்போது தமக்கென ஒரு பொழுதை உரிமை கோரினர். அவ்வகையில் வாசிப்பு ஒரு மெல்லிய எதிர்ப்பு. ஆனால் அவர்கள் வாசித்த கதைகளோ, ஆடவனின் கடுமைக்கு அன்பென்று பொருள்கூறி, பழைய ஒழுங்கோடு அவர்களை மீண்டும் இணக்குவித்தன. அவ்வாசகியர் நல்ல கதை எது, நாயகன் வரம்பு மீறிய கதை எது என்று தமக்குள் தரம் பிரித்துமிருந்தனர். அத்தரம் பிரித்தலே விமர்சனம்.

இதனால் பெறப்படுவது யாது? இன்பத்துக்கு மன்னிப்புக் கோருதல் வேண்டாம். இன்பம் எதன்மீது எழுந்தது என்று வினவுதல் வேண்டும். இவ்விரண்டும் வேறானவை. முன்னையது வாசகரை வாய்மூடச் செய்து, திரையை அணைக்கவைக்கும். பின்னையது அவரைப் பேசவைக்கும். காதல் நாவலை வெறுப்பவரால் அதனை நன்கு விமர்சித்தல் இயலாது. எந்த இடத்தில் உள்ளம் நெகிழ்ந்தது, எந்த இடத்தில் நாயகனின் அறை ஒன்றைக் கதாசிரியரோடு சேர்ந்து தாமும் மன்னித்துவிட்டார் என்பதனை, விரும்பி வாசித்தவரே அறிவார். ஆர்வம் மிக்க வாசகரே இவ்வெழுத்துக்கு வாய்க்கக்கூடிய கண்டிப்பான நீதிபதி.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கும் இதில் ஒரு பங்குண்டு. ஒரு காலத்தில் படித்தோரால் புறக்கணிக்கப்பட்டிருந்த கூத்தை, பேராசிரியர் வித்தியானந்தன் 1960களிலே பல்கலைக்கழக அரங்குக்குக் கொண்டுவந்தார். பொதுமக்கள் சுவைத்தது என்பதனாலேயே ஒரு கலை ஆய்வுக்குத் தகுதியற்றதாகாது என்பதனை அம்முயற்சி நிலைநாட்டிற்று. இன்றைய மாணவர் கைத்தொலைபேசியிலே வாசிக்கும் காதற் கதைகளும் மாயக் கதைகளும் அதே நேர்மையான கவனத்தை வேண்டிநிற்கின்றன. அவை விரிவுரை மண்டபத்திலே வெளிப்படையாகப் பேசப்படுமாயின், எதனை விரும்பலாம், எதனை விரும்பியும் ஏற்க மறுக்கலாம் என்னும் பயிற்சி இளைய தலைமுறைக்குக் கிட்டும். காதலைக் கதையிலே கற்கும் தலைமுறை, அக்கதையோடு வாதிடவும் கற்றிருத்தல் இன்றியமையாதது.